எட்டாவது ஆடு

பிஷ்கெக்கில் ஐந்தாம் மாடி.
கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள்
தலையை நுழைத்துக்கொண்டு
"ஆட்டைத் தொடு" என்று பதிவுசெய்தேன்.
பதினேழாவது முறை குரல் சரியாக வந்தது,
கூடவே லிஃப்டும் வந்தது.
அலுத்துப்போய் அதையே வைத்துவிட்டேன்.

பதினோராம் பக்கம்:
பச்சைச் சரிவில் பத்து ஆடுகள்.
தொட்டால் கத்தும்.
எத்தனை என்று கேட்கும் புத்தகம்.
பத்து என்றால் மணி,
வேறெது என்றாலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

மார்ச்சில் அத்-பாஷி போனேன்.
இருபத்துநாலு பிள்ளைகள், பதின்மூன்று டேப்லெட்,
ஒரு நிலக்கரி அடுப்பு.
அடுப்போரம் இருந்தவை சூட்டில் அணைந்தன,
ஜன்னலோரம் இருந்தவை குளிரில்.
நடுவரிசைக்கு வாய்த்தது புத்தகம்.

"ஆட்டுக்குப் பின்னால் என்ன இரைகிறது?"
"டிராக்டர்" என்றான் ஒருவன்.
"டீசல் தீரப்போகிறது" என்றான் அடுத்தவன்.

ஜிப்பெக் ஒன்பது என்றாள். சிவப்பு.
மறுபடி ஒன்பது.
மறுபடியும்.
குனிந்து பார்த்தேன்:
எட்டாவது ஆட்டை விடாமல் ஐந்து முறை தொட்டால்
அது திரும்புகிறது, நடக்கிறது,
திரையின் ஓரம் தாண்டிப் போய்விடுகிறது.
எங்கோ ஒரு வரியில்
ஒரு கழித்தல் குறியைச் சிந்தியிருக்கிறேன்.

"பிழை" என்றேன், துர்தகுன் ஆசிரியரைப் பார்த்து.
அவர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.
பதில் சொன்னது ஜிப்பெக்:
"போன ஆட்டையும் சேர்த்து எண்ணுவது
உங்கள் புத்தகம்தான்."

திரும்பும்போது தோலோன் கணவாயில்
பனிக்காக வேன் நின்றது.
முழங்காலில் மடிக்கணினி.
வேலி போட இரண்டு நிமிடம் போதும்.
பக்கத்து இருக்கைக்காரர் சூரியகாந்தி விதை கொறித்தார்,
தோலெல்லாம் என் விசைப்பலகையில்.
வழி திறக்கும்வரை தட்டச்சு செய்தேன்:
எந்த ஆடும் போகலாம்,
மிச்சத்தை மட்டும் எண்ணு.

ஏப்ரலில் ஆசிரியரிடமிருந்து செய்தி.
ஜிப்பெக் பத்தையும் விரட்டிவிட்டாள்,
சரிவு காலி.
பூஜ்யம் என்று எழுதினாள்.
மணியும் இல்லை, சிவப்பும் இல்லை.

பூஜ்யத்துக்கு நான்
எதுவுமே எழுதி வைக்கவில்லை.

டேப்லெட்டைக் காதோடு வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறாளாம்.
டிராக்டர் இன்னும் ஓடுகிறது என்கிறாளாம்.