மாசம் எத்தனை அட்டை

தூத்துக்குடித் துறைமுக எடைமேடையில்
முப்பத்தோரு வருஷம் லாரிகளை நிறுத்தவன் நான்.
ஓய்வுக்கு ஊர் தேடியபோதும்
நிறுத்துத்தான் பார்த்தேன்:
வாடகை, தண்ணீர், ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்,
சந்தனமேரியின் முழங்காலுக்கு
எத்தனை படி.

"அவ்வளவு வடக்கே, புதுவயலா?
அங்க நமக்கு யாரு இருக்கா?"
தோஹாவிலிருந்து மகன்.
யாருமில்லை, மொய்ச் செலவு மிச்சம் என்றேன்.

தரகர் முத்தழகு முதலில் காட்டியது
எழுபது சன்னல் வீடு.
"சாத்தி முடிக்கவே விடிஞ்சிரும்" என்றாள் இவள்.
பிறகு, அரிசி ஆலைக்குப் பின்னால்
இரண்டு அறை, ஒரு முருங்கை.
காயப்போட்ட வேட்டியில் உமிச்சாம்பல் உட்காரும்.
அதையும் அவரே சொல்லிவிட்டார்.

முடிவெடுக்காமல்தான்
காரைக்குடி பஸ்ஸுக்கு நின்றோம்.
இவளுக்குத் தலை சுற்றியது.
எதிர் மருந்துக்கடையில்
பிரஷர் மாத்திரை ஒரே அட்டை,
அதிலும் நாலு குறைவு.
கடைக்காரப் பெண் நோட்டைத் திறந்தாள்:
"மாசம் எத்தனை அட்டை வரவழைக்கணும்?"

நாங்கள் இன்னும்... என்று
நான் இழுப்பதற்குள்
"மூணு" என்றாள் சந்தனமேரி.

வெளியே பஸ் வந்து, நின்று, போனது.
அந்தப் பெண்
பேர் கேட்டு எழுதிக்கொண்டாள்.
ஊர் கேட்கவில்லை.