உதிரி

"பேரு?"
"ஏசுபாதம்."
நர்ஸம்மா சிரித்துவிட்டாள்.
பேரில் பாதம், அடிபட்டது கை.

சேவிங் மிஷின் கத்தி
வலக்கை மோதிர விரலின் நாணை அறுத்து
நாலு மாதம்.
விரல் இருக்கிறது, மடங்காது.
சோறு பிசைந்தால்
பந்தியில் யாருக்கும் தெரியாத ஆள் மாதிரி
தனியாக விறைத்து நிற்கும்.

ராணிப்பேட்டையில் முதல் பஸ் பிடித்து
வேலூர் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து
வெயில் உச்சிக்கு வந்தபின் கூப்பிட்டார்கள்.
"கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டுங்க.
மணிக்கட்ட மடக்குங்க."
வலக்கையில் எதுவும் எழவில்லை.
இடக்கையில்
தோலுக்கடியிலிருந்து ஒரு கயிறு
கொடிக்கயிறு போல இழுத்துக்கொண்டு எழுந்தது.
நாற்பத்தொரு வருஷம் கூடவே இருந்திருக்கிறது.
அன்றுதான் பார்க்கிறேன்.

"இதுக்கு இன்னா வேல டாக்டர்?"
"பெருசா ஒண்ணும் இல்ல.
மரத்துல தொங்கின காலத்துல இருந்திருக்கும்.
சில பேரு இது இல்லாமலே பொறக்குறாங்க.
எடுத்துட்டா கைக்கே தெரியாது.
அதனால அதத்தான் எடுக்கப்போறோம்."

வேலையில்லாதவனைத்தான் முதலில் எடுப்பார்கள்.
டேனரியில் ஒரு ஷிப்ட்டை நிறுத்திய வருஷம்
பார்த்தது.

சாயங்காலம் வார்டு முழுக்க இதே விளையாட்டு.
பாங்குராவிலிருந்து வந்த சுபோத்துக்கு
ரெண்டு கையிலும் இருந்தது.
பாஷை வராமல் கட்டில் கட்டிலாகக் காட்டிவந்தான்.
குடியாத்தம் தறிக்காரருக்கு ஒன்றிலும் இல்லை.
"நான் முழுசா மனுசனாயிட்டேன், நீங்கதான் பாக்கி" என்றார்.
பெருக்க வந்த ரெஜினா
துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மடக்கிப் பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள்.
இருந்தவர்களுக்கும் சந்தோஷம்
இல்லாதவர்களுக்கும் சந்தோஷம்.

மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால்
உட்கார்ந்த இடம் மட்டும் துடிக்கும்.
அதற்கென்றே தோலுக்கடியில் மெல்லிய ஒரு சதை.
சேவிங்குக்கு வருமுன் பிளெஷிங்கில் இருந்தேன்,
டன் கணக்கில் சுரண்டித் தள்ளியிருக்கிறேன்.
என் உடம்பில் அது கிடையாது.
ஈ வந்தால் நான் கையைத் தூக்கவேண்டும்.
ரெண்டு கையிலும் கட்டோடு கிடந்த அன்று
என் தோளில் ஒரு ஈ
ரொம்ப நேரம் நடந்தது.
வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன் அந்தச் சதையை.

அதற்கு முந்தின நாள் தியேட்டர்.
அந்தக் குளிரில் கை காலெல்லாம் சிலிர்த்தது.
ரோமம் அடர்ந்திருந்தால்
போர்வையாகியிருக்கும்.
எனக்கு வெறும் புள்ளி புள்ளியாக,
சுண்ணாம்பில் ஊறி மயிர் கழன்றபின்
ஆட்டுத் தோலில் தெரியுமே, அதே புள்ளி.
வாங்க வருகிறவர்கள் அதைத்தான் விரலால் தடவுவார்கள்,
கிரெயின் பார்க்கிறோம் என்று.
முகமூடிக்குள் யாரோ எண்ணச் சொன்னார்கள்.
ஒன்று, ரெண்டு என்று நான்
தோல்களை எண்ணினேன்.

இப்போது இடக்கையை எப்படி மடக்கினாலும்
எதுவும் எழாது.
குறுக்கே மூன்று குட்டித் தழும்பு.
ஈ.எஸ்.ஐ. படிவத்தில்
'செயலிழப்பு, சதவீதத்தில்' என்று ஒரு கட்டம்.
மோதிர விரலுக்கு ஓர் எண் எழுதினார்கள்.
இடக்கைக்குக் கோடு.
"வாலு போனதுக்கும் சேத்து எழுதச் சொல்லு,
வட்டியே எவ்ளோ வரும்" என்றாள் ரூத்து.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம்.
அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது.
நான் மேல்கம்பியை எட்டிப் பிடித்தேன்.
மற்ற விரல்கள் உடனே வளைந்துகொண்டன.
மோதிர விரல் கொஞ்சம் யோசித்து
அப்புறம் வந்தது,
நடுங்கிக்கொண்டு, கம்பியைத் தொட்டு, சுற்றி.

மேல்விஷாரத்தில் ஒரு சீட்டு காலியானது.
ரூத்து கூப்பிட்டாள்.
உட்காரவில்லை.
தொங்கிக்கொண்டே வந்தேன்.