அளவு சமனாக

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரில்
பேக்கரிக்கு மேல்மாடியில் என் மெஷின்.
பாண் வேகும் வாசனையில்
பள்ளிக்கூட யூனிபோர்ம் தைப்பேன்.
அவ்வப்போது கொடிகளும்.

இந்தக் கிழமை இரண்டு ஓடர்.
ஒரே செயலாளர், ஒரே ஜீப்.
செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வார்டு திறக்க ஒரு தூதுவர்,
வெள்ளிக்கிழமை பாலத்துக்கு அடிக்கல் நாட்ட இன்னொருவர்.
"நீள அகலம் சமனா இருக்கணும், மருதை.
போன தடவை ஒன்னு அரை இஞ்சி கூடிப்போச்சு,
கொழும்புல இருந்து கோல் மேல கோல்."

அரை இஞ்சிக்குக் கோபித்துக்கொள்கின்றன
ஆயிரம் மைல் நீளமான நாடுகள்.

ஒன்றுக்கு நடுவில் சக்கரம், இருபத்து நாலு ஆரம்,
நீல நூலில் ஒவ்வொன்றாய் இழுக்க வேண்டும்.
மற்றதற்கு ஒரு பெரிய நட்சத்திரம்,
பக்கத்தில் நாலு சின்னது.
சின்னதுகளின் ஒரு முனை
பெரியதைப் பார்த்தே இருக்க வேண்டுமாம்.
பிசகினால் அவமரியாதை.
சின்னது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது
எனக்குப் புதிதா என்ன.

சக்கரக் கொடி முதலில் தைத்தது எண்பத்தேழு ஆவணியில்.
படை வந்துவிட்டது, இனிச் சண்டையில்லை என்றார்கள்.
ஐம்பது கொடி, கடனுக்கு.
லயங்களில் பாயாசம் காய்ச்சினார்கள்.
எழுபத்தேழில் வீடு எரிந்து
கிளிநொச்சிக்குப் போன அண்ணன் வெள்ளையன்
கடிதம் போட்டான்:
"நம்ம பாஷை பேசுற சிப்பாய் ஒருத்தன்
கிணத்தடியில தண்ணி கேட்டான், குடுத்தோம்."
ஐப்பசியில் அடுத்த கடிதம், அண்ணி எழுதியது.
கிணற்றைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
அண்ணனைப் பற்றி ஒரே வரி.

தொண்ணூறில் அவர்கள் கப்பலேறினார்கள்.
போகும்போது யாரும் கொடி கேட்கவில்லை.
அந்த ஐம்பதுக்கான கூலியும்
இன்னும் பாக்கி.

கடைசிச் சண்டைக்கு
ராடார் யாருடையது, பீரங்கி யாருடையது என்று
பத்திரிகைகள் பிறகு எழுதின.
அண்ணன் மகன் எங்கே என்று எழுதவில்லை.

எங்களையும் ஒருமுறை வெட்டினார்கள்,
இரண்டு தலைநகரங்கள், ஒரு மேசை.
இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை எனக்கு.
மிஞ்சிய ஒன்றரை லட்சத்தைப்
பத்து வருஷம் வைத்திருந்து
ஆளுக்குப் பாதி.
துணி வெட்டும்போதாவது
ஓரம் பிரியாதிருக்க மடிப்புக்கு விடுவோம்.

அக்கா அங்கம்மா கோத்தகிரிப் பக்கம் போனாள்.
அங்கே அவள் சிலோன்காரி.
இங்கே என் பிறப்புச் சான்றிதழில் நான் இந்தியத் தமிழன்.
போனில் இதைச் சொல்லிச் சிரித்தோம்,
கார்டு தீரும்வரை.

செவ்வாய்க்கிழமை கொத்மலைப் பக்கம் மண் சரிந்து
விழா தள்ளிப்போனது.
ஆக, வெள்ளிக்கிழமை இரண்டு தூதுவரும் ஒரே பாதையில்,
காலையில் ஒருவர், பகலுக்குமேல் மற்றவர்.
இந்த ஓரம் அவர் கொடி, அந்த ஓரம் இவர் கொடி,
செயலாளர் கையில் அளவு நாடா.
கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அரைப்பேர் போடுவதாகச் சொல்லி
மலையிலிருந்து இறக்கியிருந்தார்கள்.
முன்வரிசையில் பிள்ளைகள்,
நான் தைத்த வெள்ளை யூனிபோர்மில்.

பத்து மணிக்கு மழை பிடித்தது.
கார்கள் வந்தது இரண்டரைக்கு.
என்ன செய்வது,
சந்தையில் இருந்தது மலிவுச் சாயத்துணிதான்.

அன்று இரவே செயலாளர் வந்து
கூலியில் பாதியைக் கழித்தார்.
மறுநாள் காலை
மாடிப்படியில் ஏழெட்டுத் தாய்மார்,
கையில் ஈரச் சட்டைகள்.
சிலதின் தோளில் சிவப்பு,
சிலதில் காவியும் பச்சையும்
ஒன்றுக்குள் ஒன்று இறங்கி
மண் நிறமாய்.

"இது போகுமா அண்ணே?
திங்கக்கிழமை ஸ்கூல் இருக்கு."

உப்புப் போட்டு
ஊறவைக்கச் சொன்னேன்.