ஆறாவது குழி

தாலுகா ஆபீஸ் பின்கட்டில்
பெட்டியைப் பிரித்தேன். ஆறு துண்டு.
ஒன்றின் விலாவில் இன்னொன்றை
டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தவேண்டும்.
விளக்கத்தாள் முழுக்கச் சீனம்,
படம் பார்த்தே போனேன்.

நாளை பயிர்ச்சேதக் கணக்கு.
ஆறு கிராமம், ஆறு லேப்டாப்,
ஊர்களில் கரண்ட் வந்து ஒன்பது நாள்.
பேட்டரிகளின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி
ஊர்ப்பெயர் எழுதினேன்,
பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்தேன்.

முதல் குழியில் மட்டும் சிவப்பு.
அது நிறைந்தால்தான் அடுத்தது.
முறை வைக்கிறது. சரி,
எங்களுக்குத் தெரியாத முறையா.

ஆறாவதில் இடும்பாவனம்.
விடிவதற்குள் அதற்கு எட்டாது.
இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வாட்ச்மேன் வேம்பையன் டீயை வைத்துவிட்டு
விளக்குகளை எண்ணினார்.
"கடைமடைக்கு வெள்ளம் மட்டுந்தாம்மா முதல்ல வரும்."
அவர் நடவு அங்கேதான்,
இன்னும் தண்ணிக்குள்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
ஆறாவது துண்டைக் கழற்றி
வயர் வரும் பக்கம், தலைமாட்டில்,
வைத்து அழுத்தினேன்.
டக்.

இப்போது கடைசிக் குழியில் டவுன்.
அந்த அலுவலர் காலையில் கத்துவார்.
கத்தட்டும்,
அவர் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது.

மூன்று மணிக்கு விழித்தபோது
பச்சை, பச்சை, பச்சை, ஆரஞ்சு.
ஆரஞ்சு என்றால் என்னவென்று
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
வேம்பையன் நாற்காலியிலேயே தூங்குகிறார்,
கணுக்கால்வரை சேறு காய்ந்து
வெடித்திருக்கிறது.