நிரப்பொளி

எட்டு மணிக்கு மின்சாரம் போகும்.
அதற்குள் இரண்டு கார்டையும் இறக்கியாக வேண்டும்.
ஒரு பிரதி மேசையில், ஒன்று காரில் டயருக்கு அடியில்,
மூன்றாவது மேகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது,
நூற்றுக்கு முப்பத்தொன்று.
சாட்ஸ்வொர்த்தின் மேகம் எப்போதும் மெதுவாகத்தான் நகரும்.

சனிக்கிழமைக் கல்யாணம், மூவாயிரத்து இருநூறு படம்.
கண் மூடியவை போகட்டும்.
வாயில் சோறோடு இருப்பவை போகட்டும்.
மாமன்மார் போனை உயர்த்தித் தாலியை மறைத்தவற்றில்
ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன், சாட்சிக்கு.
"முடிச்சுப் போடும்போது எங்கே போயிருந்தீர்கள்?"
என்று பிறகு ஒருவர் கேட்பார். கட்டாயம் கேட்பார்.

நடுவில் செய்தி.
தேஷினி.

என் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது அவள்தான்.
விளம்பரத்துக்கு மாதம் அறுநூறு ராண்ட் கட்டுகிறேன்,
உழைப்பது அவள் முகம்.
ஃபீனிக்ஸ், டோங்காட், ஒருமுறை பெனோனியிலிருந்துகூட
"அந்தப் படம் மாதிரி" என்று கேட்டு வந்தார்கள்.

அந்தப் படம் மாதிரி எப்படி எடுப்பது?
இலவசமாகவே சொல்கிறேன்.

டர்பனில் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது.
மாலையில் மணலுக்கு வந்து பொன்வெயில் கேட்பவர்களிடம்
இதைச் சொல்லியே சில முன்பணங்களை இழந்திருக்கிறேன்.
ஆகவே விடியற்காலை, ஐந்துக்குக் கொஞ்சம் முன்பே,
இருவரையும் உம்லாங்கா கரையில் நிறுத்தினேன்.
அவள் முதுகுக்குப் பின்னால் சூரியன்.
முடியோரமெல்லாம் நெருப்பு, முகம் மட்டும் இருட்டு.
தொகோசானியைத் திரும்பிப் பார்த்தேன்.
ரிஃப்ளெக்டர் காரில்.
சாவி மணலில் எங்கோ.

அப்போதுதான் கவாஷன் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி
குளிருகிறதா என்று
அவள் தோளில் போட வந்தான்.
உள்ளே வெள்ளைச் சட்டை.
ஓர் எட்டு முன்னால் வைத்தான், அவ்வளவுதான்,
அவள் கன்னம் துலங்கியது.
நிழலுக்குள் இப்படி ஊற்றுவதற்கு
எங்கள் தொழிலில் நிரப்பொளி என்று பெயர்.
எஃப் இரண்டு புள்ளி எட்டு, நானூறில் ஒரு பங்கு,
"அப்படியே நில்லுங்கள்!" என்று கத்தினேன்.
பதினோரு படம் வரைக்கும் நின்றார்கள்.
கல்யாணம் பதினாலு மாதம் நின்றது.

"படத்தையே தூக்கச் சொல்லவில்லை அக்கா," என்று எழுதியிருக்கிறாள்.
"எனக்கும் அது பிடிக்கும்.
அவனை மட்டும் எடுத்துவிடுங்கள். எவ்வளவு ஆகும்?"

விலைப்பட்டியலில் பரு நீக்க உண்டு,
பின்னால் நிற்கும் குப்பைத்தொட்டியை நீக்க உண்டு.
இதற்கு வரி இல்லை.

ஒரு தோள், ஒரு காது, கையில் தொங்கும் கோட்டு.
இடது ஓரம். நாலு நிமிட வேலை.
கடலைக் கொஞ்சம் இழுத்து நீட்டினேன், போய்விட்டான்.

கன்னம்தான் கேட்கவில்லை.
எதிரே ஆளில்லாத மணல்,
அதிலிருந்து எப்படி வருகிறது இவ்வளவு வெளிச்சம்?
அரை ஸ்டாப் குறைத்தேன், அழுது முடித்தவள் ஆனாள்.
இன்னும் அரை, வேறு ஒருத்தி.
திரும்ப ஏற்றினேன்.

"காசு வேண்டாம். கன்னத்தை அப்படியே விடட்டுமா?"
அனுப்பியதும் விளக்கு போயிற்று.
எட்டாக இரண்டு நிமிடம் இருந்தது.
மேகம் எண்பத்தெட்டில் நின்றுவிட்டது.
போன் கோபுரமும் கூடவே படுத்துக்கொண்டது.
இருட்டில் பேட்டரிகளைத் துடைத்தேன்,
லென்ஸ் மூடிகளை எண்ணினேன், ஒன்று குறைந்தது.

பத்தரைக்கு வெளிச்சம் வந்தது,
பின்னாலேயே அவள் பதிலும்:
"கன்னம் என்னுடையதுதானே அக்கா."

ஏற்றிவிட்டேன்.
காலையில் டோங்காட்டிலிருந்து ஒரு பெண் கேட்கிறாள்,
அதே மாதிரி, தனியாக, அதே வெளிச்சத்தில் வேண்டுமாம்.
முன்பணம் பாதி என்று எழுதினேன்,
நாலு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று எழுதினேன்.
பிறகு யோசித்து ஒரு வரி சேர்த்தேன்:
யாராவது ஒருவர் கூட வரட்டும்,
வெள்ளைச் சட்டையில்.