கிலோவுக்கு ஒன்பது லிட்டர்

பழைய டீசல் ரயில்தான் இது.
எஞ்சினைக் கழற்றிய இடத்தில்
புதிதாக ஒரு பெட்டியை மாட்டியிருக்கிறார்கள்.
கூரைமேல் சிலிண்டர்கள், வெளியே நீலப் பூச்சு.
கதவோரம் நகத்தால் சுரண்டினால்
பழைய மஞ்சள் இன்னும் வரும்.

கம்பி போட்ட பாதையில் இது எதற்கு என்று
தருமபுரி டீக்கடையில் கேட்கிறார்கள்.
ஒத்திகை என்கிறேன்.
மொரப்பூர்ப் பாதை முடிந்ததும் அங்கே ஓடுமாம்.
முடியட்டும், என்கிறது டீக்கடை.

முதல் நாள், காலை ஐந்தே முக்கால்.
புகை வரும் என்று மூக்கைப் பொத்தியவர்கள்
வண்டி நின்ற பிறகும் பொத்தியபடி நின்றார்கள்.
அப்புறம் எடுத்த கையை
என்ன செய்வதென்று தெரியாமல்
பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாரண்டஅள்ளியில்தான் முதல் புகார்.
தக்காளிக் கூடையோடு தண்டவாளம் கடந்த வெங்கிடம்மா
ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினார்:
சத்தமே இல்லாம வந்தா எப்பிடி சாமி தெரியும்,
இது ரயிலா, பூனையா?
அன்றிலிருந்து ஓட்டுநர் அமானுல்லா
தேவைக்கு மேல் ஹாரன் அடிக்கிறார்.
ஆடுகூடக் குறுக்கே வராத இடத்திலும்.
இருபத்திரண்டு வருடம்
அவர் காதுக்குள் டீசல் ஓடிக்கொண்டிருந்தது.

ராயக்கோட்டை ஏற்றத்தில் பழைய வண்டி இருமும்.
இது இருமுவதில்லை, பேட்டரி கைகொடுக்கிறது.
இறக்கத்தில் பிடிக்கிற பிரேக்கெல்லாம்
மின்சாரமாகத் திரும்பி வருகிறது.
வாங்கிய கடனைத் தானாகத் திருப்பித் தரும்
ஒரு மேட்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் வேலை வண்டிக்கு அடியில்.
டார்ச் அடித்து, அழுத்தமானி பார்த்து,
முந்நூற்றைம்பது என்று எழுதிக் கையெழுத்திடுவது.
அங்கேதான் இருக்கிறது அந்தக் குழாய்.
சொட்டிக்கொண்டே இருக்கும்.
தொட்டியிலிருந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்து ஆக்சிஜன்,
இரண்டும் சேர்ந்தால் மின்சாரம்,
மிச்சம் தண்ணீர்.
கிலோவுக்கு ஒன்பது லிட்டர்
என்றார் பெரம்பூரிலிருந்து வந்த பொறியாளர்.
யாரும் வியக்கவில்லை.
நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

என் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பென்னாகரம் பக்கத்து போர்த் தண்ணீர் வளர்த்த பல்,
குறுக்கே பழுப்புக் கோடுகள்.
பள்ளிக்கூடப் படத்தில் வாய் மூடியிருக்கிறேன்,
ரயில்வே அடையாள அட்டையிலும்.
கல்யாண ஆல்பம் முழுக்க
மாப்பிள்ளை மேல் கோபம் போல.
ஒகேனக்கல் குழாய் எங்கள் தெருவுக்கு வந்தபோது
எனக்குப் பதினெட்டு.
நல்ல தண்ணீர்தான்.
பல் முளைத்து முடிந்திருந்தது.

ஓசூரில் வண்டி நாற்பது நிமிடம் நிற்கும்.
டிபன் டப்பா மூடியைக் குழாய்க்கு அடியில் நீட்டினேன்.
குடிக்க உகந்ததல்ல,
கையேடு, பக்கம் நாற்பத்தொன்று, தெரியும்.
வெதுவெதுப்பு.
உப்பு இல்லை, துவர்ப்பு இல்லை,
பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற எதுவும் இல்லை.
நாக்கு கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.
ஊர் இல்லாத தண்ணீர்.

துப்பினாயா விழுங்கினாயா என்றார் அமானுல்லா.
நான் சொல்லவில்லை.

கெலமங்கலம் தாண்டும்போதுதான் உறைத்தது:
இந்த ஹைட்ரஜனே தண்ணீரைப் பிளந்து எடுத்ததாயிற்றே.
எந்த ஊர்த் தண்ணீர்?
எந்தக் குடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றது?
பொறியாளரைப் போனில் கேட்டேன்.
நல்ல கேள்வி என்றார்.
லாரியில் வருகிறது என்றார்.
கொஞ்சம் பொறுத்து, நான் கேட்காமலே,
லாரி டீசலில் ஓடுகிறது என்றார்.

இரவு வண்டி நிற்கும் மூன்றாவது பாதையில்,
குழாய் சொட்டுகிற இடத்தில்,
ஜல்லிக்கு நடுவே தக்காளிச் செடி ஒன்று,
முழங்கால் உயரம்.
பாதையில் செடி கண்டால் எழுதித் தர வேண்டும்.
அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது,
நாளைக்கு எழுதலாம்.
இன்னும் பூ வைக்கவில்லை.
ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டினால்
வெங்கிடம்மா சொல்வார்,
இது நாட்டு ரகமா, ஒட்டா என்று.