வியாழன் வெளியே போயிருக்கிறது

மா விலையை நினைத்துத்
தண்ணீரைக் கொஞ்சம் கூட விட்டுத்தான் பசை காய்ச்சினேன்.
அதனால் சூரியன் இரண்டு நாளாய்க் காயவில்லை.
பலூனுக்கு மேல் நாங்கள் சுற்றிய பேப்பரில்
மரண அறிவித்தல் பக்கமும் இருந்திருக்கிறது;
மஞ்சள் பூசிய பிறகும்
மீசை வைத்த ஒருவர் உள்ளிருந்து பார்த்தார்.
"டீச்சர், சூரியனுக்குள்ள ஒரு மாமா"
என்றாள் ருஷ்தா.
இன்னொரு பூச்சுப் பூசினோம்.
மாமா போகவில்லை.

மனையாவெளியில் இருபத்திரண்டு பிள்ளைகள்,
நாலு கத்தரிக்கோல், அதில் ஒன்று வெட்டும்.
அனோஷின் அப்பா வலையிலிருந்து கழற்றித் தந்த
ஈயக்குண்டு புதன்.
உடைந்த மிதவைகள் இரண்டும் யுரேனஸ், நெப்டியூன்.
அவற்றுக்கே நீலம் முடிந்துபோனது,
கடல் இல்லாமல் பூமி இரண்டு நாள் வெறும் பச்சையாய்க் கிடந்தது.
செங்கல்லை இடித்துத் தூளாக்கி
அதில் செவ்வாயை உருட்டியவன் கயோஜன்;
அன்று அவன் சட்டையும் செவ்வாய்.
ஐஸ்கிரீம் மூடியின் நடுவை வெட்டிச் சனிக்கு வளையம்.
வெள்ளி சரியான சூடு என்றேன்.
"கன்னியாக் கிணறு மாதிரியா?"
அதைவிட.
"கடைசிக் கிணத்தை விடவுமா?"
ஓம் என்றதும்
தொட்ட விரலை எடுத்து ஊதினாள் லதுர்ஷிகா.

வியாழன்தான் பெரிய வேலை.
ஏழு பேர், மூன்று நாள், ஒரு கிலோ மா.
காவிப் பட்டை, வெள்ளைப் பட்டை, திரும்பக் காவி,
நடுவே ஒரு சிவப்புப் பொட்டு.
அது நூறு வருசத்துக்கு மேலாய் ஓயாத புயல் என்றபோது
யாரோ கேட்டார்கள்,
"அப்ப அங்க ஸ்கூல் லீவா?"

ஒரு பொய்யும் சொன்னேன்.
எல்லாவற்றையும் ஒரே கயிற்றில்
சாண் இடைவெளியில் கட்டுவோம் என்றேன்.
கணக்கு எனக்குத் தெரியும்:
இந்தப் பலூன்தான் சூரியன் என்றால்
பூமி ஒரு மல்லி விதை,
படலையைத் தாண்டி நாற்பது எட்டு வைக்கவேண்டும்.
நெப்டியூன் ஒரு கிலோமீற்றர் தள்ளி,
பஸ் நிலையத்தையும் கடந்து எங்கேயோ.
நாலு வயதுக்காரரை அவ்வளவு தூரம்
வீதி கடத்த எனக்கு அனுமதியில்லை.

வெள்ளிக்கிழமை
வியாழனை மதில் மேல் காய வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனேன்.
திங்கள் காலை
மதிலடியில் கொஞ்சம் காவி,
துப்பிப் போட்ட பலூன் ரப்பர்.
வீதியில், ஒன்றும் நடவாதது போல,
புள்ளிமான் ஒன்று.
மூக்கில் பெயின்ற்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்து
சந்தையில் கீரையும் சுவரில் நோட்டீசும் தின்னும் கூட்டத்தில் ஒன்று.
மாப்பசை அதற்குப் பலகாரம்.

ஏழு பேரும் அழப்போகிறார்கள் என்று
ஓடிப்போய் டொஃபி வாங்கி வந்தேன்.
ஆறு பேர் அழுதார்கள்.
ருஷ்தா மானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"வியாழன் அதுக்குள்ளதான் இருக்கு.
இப்ப தானாச் சுத்துது."

அதற்குப் பிறகு
காலையில் வரவு எடுக்கும் நேரமெல்லாம்
எனக்குச் செய்தி வந்தது:
டச் பே மணலில் வியாழன் படுத்திருந்தது.
தபால் கந்தோர் வாசலில்
வியாழன் வாழைப்பழத்தோல் தின்றது.
மழைக்கு வியாழன் மீன்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றது,
கூட ஒரு குட்டி.
"அது நிலவு, டீச்சர்" என்றான் அனோஷ்.
எந்த மான் என்று நான் கேட்கவில்லை.
சாண் கணக்கில் கயிறு கட்டிய நான்
ஊரின் இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம்வரை
வானம் அளக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு
பெயர்களுக்கு நேரே சரி போட்டேன்.

கண்காட்சியன்று உத்தியோகத்தர் அம்மா வந்தார்.
பைலைத் திறந்தார், விரலால் எண்ணினார்.
ஏழு.
திரும்பவும் ஏழு.
"பெரிய கோள் ஒன்று குறையுதே?"
இருபத்திரண்டு கையும் நீண்டன,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு.

அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.
அவருக்குப் பின்னால்தான் சூரியன் தொங்கியது.
மாமா பார்த்திருப்பார்.